ஷெட்லாந்து பிடிலும் கேலிக் பாட்டும் – கடிதம்

வணக்கம்,

நாட்டார் இசை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிப்பவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். வீட்டுக்கு வந்து தூக்கம் பிடிக்காமல் கிடக்கும்போது காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அப்படித்தான் போரியஸ் என்ற குழுவின் ‘அஹோய் ஹோய்’ ஆல்பம் கிடைத்தது. இரண்டு ஸ்காட்லாந்துப் பெண்கள், இரண்டு நார்வேப் பெண்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கில் ஒரு குரல், கூடவே நார்வே பிடில். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் பத்து நாளாக வேறு எதையும் கேட்கவில்லை.

முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்ற என் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “எல்லாம் ஒரே செல்டிக் சரக்கு, கலக்கி ஃப்யூஷன் என்று விற்கிறார்கள்” என்றார். இணையத்தில் தேடினால் வைக்கிங்குகள் காலத்திலிருந்து வரும் பொது மரபு என்று எழுதியிருக்கிறார்கள். எது சரி? இன்னும் யாரைக் கேட்கலாம்?

க., ஓசூர்

*

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் சொன்னது பாதி தவறு, இணையம் சொன்னது முக்கால்வாசி தவறு. மிச்சம் எவ்வளவு சரி என்று சொல்லத்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘செல்டிக்’ என்பது கடைக்காரர்களுக்கு வசதியான சொல். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்ஸின் பிரிட்டானி எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிடலாம். ஆனால் ஸ்காட்லாந்துக்குள்ளேயே அது எல்லா ஊருக்கும் ஒட்டாது. வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் கேலிக் வேரூன்றவே இல்லை. அங்கே பேசியது நார்ன், பழைய நார்வே மொழியின் கிளை. டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட முதலாம் கிறிஸ்டியன் தன் மகளை ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக்கொடுத்தபோது, பேசிய வரதட்சணையைப் புரட்ட முடியாமல் 1468இல் ஆர்க்னி தீவுகளையும் 1469இல் ஷெட்லாந்தையும் அடகு வைத்தார். ஷெட்லாந்துக்கு 8,000 ஃப்ளோரின். யாரும் மீட்கவில்லை, நம்மூர் அடகு நகை போல மூழ்கிப்போயிற்று. நார்ன் மொழி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அணைந்தது. ஆனால் 1890களில் யாகோப் யாகோப்சன் என்ற ஃபாரோ தீவு அறிஞர் வந்து வீடுவீடாக உட்கார்ந்து கேட்டபோது, அந்த மொழியிலிருந்து வந்த சுமார் 10,000 சொற்கள் மக்கள் வாயில் கிடந்தன. தலைநகர் லெர்விக்கிலிருந்து ஸ்காட்லாந்தின் அபர்டீனும் நார்வேயின் பெர்கனும் ஏறக்குறைய ஒரே தூரம்.

இப்படிப்பட்ட ஊரில் பிடில் எப்படி ஒலிக்கும்? (வயலினை நம் தாத்தாக்கள் பிடில் என்றுதான் சொன்னார்கள், இந்த இசைக்கு அந்தச் சொல்லே பொருத்தம்.) பிடில் வருவதற்கு முன் அங்கே ‘கூ’ என்று ஒரு வாத்தியம், குதிரைமயிரால் இரண்டே தந்தி. பிடில் வந்த பிறகும் ஒரு தந்தியில் மெட்டு ஓடும்போது பக்கத்துத் தந்தியைச் சும்மா விடாமல் வில்லால் உரசிக்கொண்டே போகும் பழக்கம் இருந்தது. சில பழைய மெட்டுகளுக்குக் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு ஸ்வரம் ஏற்றிக் கட்டுவார்கள். வாத்தியம் முழுக்கக் கணகணவென்று ஆகிவிடும். இதைக் கேட்டுவிட்டு நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலைக் கேளுங்கள். வாசிக்கும் நான்கு தந்திகளுக்கு அடியில் இன்னும் நான்கோ ஐந்தோ தந்திகள், அவற்றை யாரும் தொடுவதில்லை, தாமாக அதிர்கின்றன. உறவு காதிலேயே தெரியும்.

அதற்காக ஷெட்லாந்து இசை முழுக்க நார்வே என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்திலிருந்து ரீல் என்ற ஆட்ட மெட்டு வந்து ஊரையே பிடித்துக்கொண்டது. கிரீன்லாந்துப் பக்கம் போகும் திமிங்கிலவேட்டைக் கப்பல்கள் லெர்விக்கில் நின்று ஆள் ஏற்றும். ஏறிப்போன பையன்கள் மாதக்கணக்கில் கண்ட ஆட்களோடும் வாசித்துவிட்டு மெட்டுகளோடு திரும்பினார்கள். இங்கே கலப்பு யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. டாம் ஆண்டர்சன் என்பவர் மட்டும் இல்லையென்றால் இதில் பாதி மறைந்திருக்கும். கிழவர்களிடம் மெட்டுகளைச் சேகரித்தார், 1970களில் தீவின் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற அலி பெய்ன் பின்னாளில் ஸ்வீடனின் ஆலே மொல்லரோடு சேர்ந்து பல வருடம் வாசித்தார்.

சரி, கேலிக்குக்கு வருவோம். அது நடப்பது மேற்கே, ஹெப்ரிடீஸ் தீவுகளில். அங்கேயும் வடவர் (நார்வேப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்) ஆண்டார்கள், 1266இல் பெர்த் உடன்படிக்கையில் நார்வே அத்தீவுகளை ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுக்கும்வரை. கேலிக் மொழிக்காரர்கள் அந்தத் தீவுகளுக்கு வைத்த பெயரே ‘அந்நியர் தீவுகள்’ என்று பொருள்படும். ஊர்ப்பெயர்களிலும் படகுச் சொற்களிலும் நார்வே வாசனை அடிக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கேலிக் மொழிக்காரர்கள் 1892இலிருந்து நடத்தும் பெரிய பாட்டுப்போட்டி விழாவின் பெயர் ‘மோட்’. அது கூட்டம் என்று பொருள்படும் வடவர் சொல்! ஆனால் சொல் கடன் வாங்கியது வேறு, மெட்டுக் கடன் வாங்கியது வேறு. கேலிக் பாட்டு பெரும்பாலும் வாத்தியத் துணை இல்லாத பாட்டு. நெய்த கம்பளியை நனைத்துப் பலகையில் அடித்து இறுக்கும்போது பெண்கள் பாடியது, ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் பொருளில்லாத அசைகளால் பதில் சொல்லும் பாட்டு. தாளம் அந்த அடிதான். உங்களுக்குப் பிடித்த ஆல்பத்தில் ரேச்சல் நியூட்டன் கேலிக்கில் பாட, பிரிட் பெர்னில் ஃப்ரோஹோல்ம் ஹார்டாங்கர் பிடில் வாசிக்கிறாரே, அந்தச் சேர்க்கை நம் காலத்தில் உண்டானது. 1994இலிருந்து கிளாஸ்கோவில் ஜனவரிதோறும் நடக்கும் செல்டிக் கனெக்ஷன்ஸ் போன்ற விழாக்களில் சந்தித்து, இரவு முழுக்கக் கூடி வாசித்து, அப்புறம் குழுவானவர்கள் நிறையப் பேர். இதற்கு வைக்கிங் தேவையில்லை, விமான டிக்கெட் போதும். இதில் குறையும் ஒன்றுமில்லை. பழசு என்று பொய் சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. அட்டையில் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட ஒரு ஆல்பத்தை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் (வைக்கிங்குகள் கொம்புக் கவசமே போட்டதில்லை). ஒன்பது பாட்டிலும் மூடுபனியும் எதிரொலியும்தான், எந்த ஊர் ஆட்டம் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

இரு கரைக்கும் உண்மையிலேயே பொதுவாக இருந்த ஒன்றைப் பற்றி யாரும் ஆல்பம் அட்டையில் எழுதுவதில்லை. இரண்டு இடத்திலும் பிடிலைப் பிசாசின் வாத்தியம் என்றார்கள். 19ஆம் நூற்றாண்டு நார்வேயில் மத எழுச்சி வந்தபோது ஹார்டாங்கர் பிடில்களை உடைத்தார்கள், எரித்தார்கள். கேலிக் தீவுகளிலும் அதே கதை. எய்க் தீவில் பழைய பாணியில் வாசித்துப் பேர்பெற்ற ஒரு கிழவரைப் பற்றி அலெக்சாண்டர் கார்மைக்கேல் 1900இல் வெளியிட்ட கேலிக் தொகுப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். போதகர் ஊரார் முன்னால் அவரை ஏசி, பிடிலைத் தொலைக்கச் சொல்கிறார். மனுஷன் வந்த விலைக்கு விற்றுவிடுகிறார். பிறகு சொல்கிறார், விலை போனதில் வருத்தமில்லை, அதைப் பிரிந்ததுதான் நெஞ்சை அறுத்தது, இளவயதில் அப்பாவின் தொழுவத்தில் இருந்த நல்ல பசுவைக் கொடுத்து வாங்கியது என்று. அதற்கப்புறம் அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லையாம். அவரோடு அவர் மெட்டுகளும் போயின. இந்தப் பக்கத்தை எப்போது படித்தாலும் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டுத்தான் வருவேன்.

இனி, கலப்பது எப்படி நடக்கிறது என்பது. சுருதியில் சேர்வது சுலபம். கேலிக் பாட்டு ஒற்றைக்கோடு, அடியில் ஒரு சுருதி இழைந்தால் இதமாக உட்கார்ந்துகொள்ளும். ஹார்டாங்கரின் அடித்தந்திகள் அதைத்தான் செய்கின்றன, தம்பூரா கேட்டு வளர்ந்த உங்கள் நண்பருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சண்டை தாளத்தில்தான். நார்வேயில் ஸ்ப்ரிங்கார் என்று ஓர் ஆட்டம், மூன்று அடி. அந்த மூன்றும் ஒரே நீளம் இல்லை. டெலிமார்க் பக்கம் முதல் அடி நீளும், இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குட்டை. வால்ட்ரெஸ் பக்கம் போனால் முதல் அடியே குட்டை, இரண்டாவது நீளம். நம் திஸ்ரத்தை வைத்து எண்ணினால் நாலாவது சுற்றில் வழுக்கி விழுவீர்கள். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஆட்ட மெட்டில் வேறு குணம், குட்டை ஸ்வரம் முன்னால் வந்து நெட்டையைச் சுண்டிவிடும். எல்லாரும் ரீலின் சமமான ஓட்டத்துக்குத் தாவிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, சோம்பேறிக் குழுக்கள் அதைத்தான் செய்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கும், அரை மணி நேரத்தில் காது மரத்துப்போகும். நல்ல குழுவில் ஒருவர் இன்னொருவரின் நொண்டலைக் கற்றுக்கொள்கிறார். நார்டிக் ஃபிட்லர்ஸ் பிளாக்கில் மூன்றே பேர், ஷெட்லாந்தின் கெவின் ஹெண்டர்சன், நார்வேயின் ஊலாவ் ம்யேல்வா, ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஹால். மூன்று வில்லும் ஒன்றுபோல் நகர்ந்தாலும் எது யாருடைய மெட்டு என்று தெரிந்துவிடும்.

உங்கள் நண்பருக்கு ஒரு வார்த்தை. கச்சேரியில் வயலின் இல்லாமல் அவர் ஒரு நாள்கூட இருந்திருக்கமாட்டார். அதுவும் கப்பலில் வந்ததுதான், பாலுஸ்வாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் இசைக்குப் பழக்கினார். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குப் பாட்டு எழுதிய நோட்டுஸ்வரங்களில் ஒன்றான ‘வந்தே மீனாக்ஷி’ ஓர் அயர்லாந்து ஆட்ட மெட்டு. சண்டைக்குப் போக வேண்டாம், இதை மட்டும் போட்டுக் காட்டிவிட்டுக் காபி சாப்பிடுங்கள்.

கேட்பதற்கு வரிசை கேட்டீர்கள். முதலில் பெய்னும் மொல்லரும் 2007இல் வெளியிட்ட ‘ஃபுல்லி ரிக்ட்’. அடுத்து மேலே சொன்ன மூவர். பிறகு ஸ்ட்ரிங் சிஸ்டர்ஸ், ஷெட்லாந்து, நார்வே, ஸ்வீடன், அயர்லாந்து, அமெரிக்கா என்று ஆறு பெண் பிடில்காரர்கள். கொஞ்சம் ஜிகினா கூடுதல், ஆனாலும் இரவு ஷிப்டுக்கு நல்லது. எல்லாம் முடிந்த பிறகு கூட்டு வேண்டாம், தனியாக ஒரு டெலிமார்க் ஸ்ப்ரிங்காரைத் தேடுங்கள். வாசிப்பவரின் கால் தரையைத் தட்டும் சத்தம் பதிவிலேயே கேட்கும். அந்தக் காலோடு உங்கள் காலையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். முதல் நாள் கட்டாயம் தப்பும். எத்தனையாவது நாளில் பிடிபட்டது என்று எழுதுங்கள், எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று.