பத்துக்குப் பத்து, கையில் அதே சிப்ஸ் பாக்கெட்

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவுப் பழக்கம் பற்றி வாராவாரம் கூகுள் ஃபார்மில் வினாடி வினா அனுப்புகிறேன். எல்லாரும் பத்துக்குப் பத்து. இடைவேளையில் பார்த்தால் கையில் அதே சிப்ஸ் பாக்கெட். எங்கே கோட்டை விடுகிறேன்?
– ஆசிரியை, தேனி

பதில்: கேள்வியிலேயே விடுகிறீர்கள். ‘உப்பு மிஞ்சினால் என்ன நோய் வரும்?’ என்று கேட்டால், ‘ரத்த அழுத்தம்’ என்று சிப்ஸைக் கொறித்துக்கொண்டே தட்டிவிடலாம். தெரிந்ததற்கு மார்க் போடாமல், செய்ததற்குப் போடுங்கள்.

‘உப்பு வேட்டை’ என்று ஒரு விளையாட்டு வைக்கலாம். நாலு பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரு காலி பாக்கெட். பின்பக்க அட்டவணையில் சோடியம் எவ்வளவு என்று பார்த்து, அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம், பாக்கெட் 40 கிராம் என்று வையுங்கள். பாக்கெட்டில் இருப்பது 320 மி.கி. சோடியம், உப்பாக 800 மி.கி. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. ஒரு டீஸ்பூன் உப்பைத் தலைதட்டி எடுத்துக் காகிதத்தில் கொட்டி, ஆறு பங்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பங்குதான் ஏறக்குறைய அந்தப் பாக்கெட். விரலால் பிரித்தவர்களுக்கு அது மறக்காது.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பலர் 100 கிராம் கணக்கையே விடையாக எழுதிவிடுவார்கள். ‘ஒரு வேளைக்கு 20 கிராம்’ என்று அச்சிட்டிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். முழுப் பாக்கெட்டையும் காலி செய்கிறவனுக்கு அந்த 20 எதற்கு? அதனால் ஃபார்மில் பாக்கெட் எடை, 100 கிராமுக்கான சோடியம், பாக்கெட்டில் உள்ள உப்பு என்று மூன்று தனிக் கட்டங்கள் வையுங்கள். எங்கே தவறியது என்று உங்களுக்கும் தெரியும்.

படம் அனுப்பச் சொல்லாதீர்கள். ஃபார்மில் கோப்பு ஏற்ற கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். பிள்ளை கையில் இருப்பது அம்மாவின் போன். அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை வாங்குங்கள். விளையாட்டை விளக்க வீடியோ அனுப்பினால், அது மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உடல் எடையை மட்டும் எந்த விளையாட்டிலும் மதிப்பெண் ஆக்கிவிடாதீர்கள். குண்டான பிள்ளை அன்றோடு ஒதுங்கிவிடும்.

கேள்வி: அலுவலகத்தில் ‘தினம் 10,000 அடி’ (அதாவது காலடி) நடைப் போட்டி தொடங்கினோம். முதல் வாரம் அமர்க்களம், நாலாவது வாரம் ஆளே இல்லை. பரிசைக் கூட்டலாமா?
– மனிதவள அலுவலர், கோவை

பதில்: வேண்டாம். பரிசு பெருத்தால் போனைக் கையில் வைத்து ஆட்டுகிறவர்கள்தான் பெருகுவார்கள். ஆட்டத்தையும் நடையையும் போனில் அடி எண்ணும் கருவி எப்போதும் சரியாகப் பிரித்துவிடாது. புதுமோகம் தணிவதும் இயல்புதான். போனோடு வெளியே நடந்து விளையாடும் ‘போக்கிமான் கோ’ கேம் வந்த 2016-ல் அமெரிக்காவில் எடுத்த ஆய்வில், விளையாடியவர்கள் முதல் வாரம் நாளுக்குச் சராசரியாக 955 அடி கூடுதலாக நடந்தார்கள்; ஆறாவது வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார்கள்.

10,000 என்பதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த எண் அல்ல. 1960-களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. முதல் வாரம் போட்டியே வேண்டாம், அவரவர் வழக்கமாக எவ்வளவு நடக்கிறார் என்று மட்டும் குறியுங்கள். பிறகு அதோடு 1,000 சேர்த்து இலக்கு வையுங்கள். எத்தனை அடி என்று பார்க்காமல், வாரத்தில் எத்தனை நாள் இலக்கைத் தொட்டார் என்று பாருங்கள். 4,000 நடப்பவரும் 12,000 நடப்பவரை ஜெயிக்கலாம். முழங்கால் வலிக்காரருக்கு நிமிடக் கணக்கு போதும்: மிதமான உடலுழைப்பு வாரத்துக்கு 150 நிமிடம். ஆறு வாரத்தில் போட்டியை முடித்து, இடைவெளி விட்டு வேறு உருவில் தொடங்குங்கள்.

கேள்வி: டிவி முன்னால் ஆடும் நடன வீடியோ கேம், பையனுக்கு உடற்பயிற்சிக் கணக்கில் வருமா?
– வாசகி, திருச்சி

பதில்: மூச்சு வாங்கினால் வரும். ஆடும்போதே பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான உடலுழைப்பு. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும். இதில் 20 நிமிடம் போனாலும் லாபம்தான். சோபாவில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டியே பாயிண்ட் வாங்கும் வித்தையைப் பையன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவான், கவனியுங்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டு ஆடவிட வேண்டாம்.