ரைஃபிளை அப்புறம் வாங்கலாம்: இங்கிலாந்தில் மான் வேட்டைக்கு என்ன செலவாகும்?

கேள்வி: ரீடிங் அருகே குடும்பத்துடன் வசிக்கிறேன். உடன் வேலை பார்க்கும் ஒருவர் ஒருமுறை மான் ஸ்டாக்கிங்குக்கு, அதாவது ஓசையின்றிப் பின்தொடர்ந்து நெருங்கிச் சுடும் வேட்டைக்கு, அழைத்துப் போனார். நான் துப்பாக்கியைத் தொடவில்லை, கூட நடந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் மனம் அதிலேயே நிற்கிறது. கடையில் புது ரைஃபிள் 1,500 பவுண்டு என்று போட்டிருக்கிறார்கள். அதை வாங்கிவிட்டால் போதுமா? ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? வீட்டுக் கடன் இருக்கிறது, கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

பதில்: இப்போதைக்கு அந்த ரைஃபிளை வாங்காதீர்கள். வாங்க நினைத்தாலும் கடைக்காரர் தர மாட்டார். காவல்துறை தரும் துப்பாக்கிச் சான்றிதழ் முதலில் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு, எதற்காக ரைஃபிள் என்பதற்கு உருப்படியான காரணம் காட்ட வேண்டும். மான் வேட்டைதான் காரணம் என்றால், சுட அனுமதி உள்ள நிலமோ, பணம் கட்டிப் பதிவு செய்த வேட்டையோ கையில் இருக்க வேண்டும். ஆக, எங்கே சுடப் போகிறீர்கள் என்பது முடிவான பிறகுதான் எதைக் கொண்டு சுடுவது என்ற பேச்சே வருகிறது. செலவும் அப்படித்தான். ரைஃபிளுக்கு ஒருமுறைதான் பணம் கட்டுகிறீர்கள், நிலத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் கட்டுகிறீர்கள்.

நல்ல செய்தி ஒன்று: சான்றிதழே இல்லாமல் முறைப்படி தொடங்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 17 வயது நிரம்பியவர், சான்றிதழ் உள்ள தொழில்முறை ஸ்டாக்கர் (இப்படி வேட்டையாடுபவர்) பக்கத்திலேயே இருக்க, அந்த இடத்தில் மட்டும் அவருடைய ரைஃபிளைக் கடன் வாங்கிச் சுடலாம். ‘எஸ்டேட் ரைஃபிள்’ என்பார்கள். முதல் ஆண்டு முழுவதையும் இப்படியே ஓட்டுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. தென் இங்கிலாந்தில் ஒரு காலையோ மாலையோ மண்ட்ஜாக் அல்லது பெண் ரோ மானுக்கு (இரண்டும் சிறிய மான் இனங்கள்) போய்வர, ஏறத்தாழ 80 முதல் 150 பவுண்டு வரை கேட்பார்கள். நாலைந்து முறை போனாலும் 750 பவுண்டுக்குள் அடங்கும். விடியலுக்கு முந்தைய குளிரும், மான் கண்ணில் படாமலே திரும்பும் நாட்களும், சுட்ட மானின் வயிற்றைக் கீறிக் குடல் நீக்கும் வேலையும் உங்களுக்கு ஒத்துவருமா என்று அதற்குள் தெரிந்துவிடும். கடைசி வேலையைத் தாங்க முடியாமல் விலகியவர்களும் உண்டு. அதில் தவறே இல்லை. ஆனால் 2,500 பவுண்டுக்குச் சாமான் வாங்கிய பிறகு அது தெரியவந்தால்தான் நஷ்டம்.

பதிவு செய்யும்போது சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கட்டணம் மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றா, அல்லது சுட்ட மானுக்குத் தனியாக வாங்குவார்களா? குறி தவறினால், காயப்பட்டு ஓடினால் என்ன? சிலர் அதற்கும் கட்டணம் வைத்திருக்கிறார்கள். ஆண் ரோ மானின் கொம்பு பதக்கத் தரத்தில் இருந்தால் பில்லில் பல நூறு பவுண்டு ஏறிவிடும். ஹாம்ப்ஷர், வில்ட்ஷர் பக்கம் நல்ல கொம்புள்ளவை அதிகம் என்பதால் உங்கள் பகுதிக்கு இது முக்கியம். அப்புறம், மானின் உடல் பொதுவாக எஸ்டேட்டுக்கு, அதாவது நிலக்காரருக்குச் சொந்தம். இறைச்சி வேண்டுமென்றால் வியாபாரி என்ன விலை கொடுப்பாரோ அதைக் கொடுத்து வாங்க வேண்டும். தோலோடு கிலோவுக்குச் சில பவுண்டுதான் ஆகும் என்பதால் அதை விடாதீர்கள். குடல் நீக்கிய ஒரு ரோ மானை வெட்டி எடுத்தால் குடும்பத்துக்குப் பல வாரங்களுக்கு வரும்.

ஓர் ஆண்டு கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் சொந்தமாக இறங்கலாம். சான்றிதழ் கட்டணம் 2025 பிப்ரவரியில் 88 பவுண்டிலிருந்து 198 பவுண்டாக ஏறியது. ஐந்து ஆண்டுக்குச் செல்லும். உங்கள் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) மருத்துவக் குறிப்பு எழுதித் தரத் தனியாகப் பணம் கேட்பார், அது கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். சுவரில் போல்ட் போட்டு மாட்டும் இரும்பு அலமாரி 150 பவுண்டு அளவில் வரும். டி.எஸ்.சி. எனும் மான் வேட்டைப் பயிற்சியின் முதல் நிலைச் சான்றிதழைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் 300 பவுண்டை ஒட்டிச் செலவழித்து அதை எடுத்துவிடுங்கள். மான் இனங்களை அடையாளம் காண்பது, வேட்டைக் காலங்கள், இறைச்சிச் சுகாதாரம், குறி பார்த்துச் சுடும் சோதனை எல்லாம் அதில் வந்துவிடும். நிலக்காரர்களும் காவல்துறையும் அதை மதிக்கிறார்கள்.

ரைஃபிளைப் பழையதாகவே வாங்கலாம். நன்றாகப் பராமரித்த, கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் 400 முதல் 700 பவுண்டுக்கே கிடைக்கும், மான் வேட்டையில் ஒரு ஆண்டுக்கு நூறு தோட்டாகூடச் சுடாதவர்கள் பலர் என்பதால் குழாய் தேய்ந்திருக்காது. இங்கிலாந்தில் ரோ மானுக்கும் அதைவிடப் பெரிய மான்களுக்கும் .240 அங்குலத்துக்குக் குறையாத குழாய் விட்டமும், குழாயை விட்டு வெளியேறும் தோட்டாவுக்கு 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். மண்ட்ஜாக், சீன நீர்மான் இரண்டுக்கு மட்டும் சலுகை உண்டு. .308 விட்ட ரைஃபிள் எடுத்தால் எல்லா மானுக்கும் ஆகும், தோட்டாவும் எங்கும் கிடைக்கும். ஒன்று கவனியுங்கள்: ஈயத் தோட்டாவைத் தடை செய்யப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்துவிட்டது, அவகாசம் சில ஆண்டுகள்தான். நீங்கள் பார்க்கும் ரைஃபிள் செம்புத் தோட்டாவைச் சீராகக் குவித்துச் சுடுகிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். செம்பு, ஒரு தோட்டா ஏறத்தாழ மூன்று பவுண்டு. ஈயத்தைவிட அதிகம்தான், ஆனால் ஆண்டுக் கணக்கில் பெரிய தொகை ஆகாது.

ரைஃபிள் மேல் பொருத்தும் குறிநோக்கியான ஸ்கோப்பில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மான் வெளியே வருவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். அந்த மங்கலில் எது பிணை, அதாவது பெண்மான், எது குட்டி என்று தெரியாமல் விசையைத் தொடக்கூடாது. ரைஃபிளுக்குக் கொடுத்ததைவிட ஸ்கோப்புக்கும் பைனாகுலருக்கும் அதிகம் கொடுத்தால் அது வீண் அல்ல. சுடும் சத்தத்தைக் குறைக்கும் மாடரேட்டர் 200 பவுண்டுக்கு மேல். காது முக்கியம், வாங்கிவிடுங்கள். வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கருவியை இப்போது எல்லோரும் வைத்திருக்கிறார்கள், பல நூறு பவுண்டு. உதவும்தான், ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுக்கு அது இல்லாமலே கண்ணைப் பழக்குவது நல்லது. விலை உயர்ந்த வேட்டை உடை வேண்டவே வேண்டாம். மழைக்குத் தாங்கும், சரசரக்காத துணியும் நல்ல பூட்ஸும் போதும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தொடக்கச் செலவு 2,500 பவுண்டை ஒட்டி நிற்கும்.

இனி நிலம். விவசாயிகள் மானால் நஷ்டப்படுகிறார்கள், ஆகவே இலவசமாகச் சுட விடுவார்கள் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. அப்படி அனுமதி கிடைப்பது உண்டு. ஆனால் தெரியாத ஒருவர் வந்து கேட்டால் எந்த விவசாயியும் உடனே தலையாட்ட மாட்டார். வேலி கட்டக் கை கொடுப்பது, வேறு ஸ்டாக்கருக்கு மானை இழுத்துவர உதவுவது என்று நம்பிக்கை வளர்ந்த பிறகே வரும். இடையில் சிண்டிகேட்டில், அதாவது பணம் போட்டு வேட்டை நிலத்தைப் பகிரும் குழுவில், ஒரு பங்கு எடுக்கலாம், ஆண்டுக்கு 500 முதல் 1,500 பவுண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்புக் காப்பீட்டோடு வரும் சங்க உறுப்பினர் சந்தா, பெட்ரோல், தோட்டா, இறைச்சி வைக்கப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று எல்லாம் அதற்கு மேலே. சிண்டிகேட் வேண்டாமென்றால் தொழில்முறை ஸ்டாக்கரோடே தொடர்ந்து போகலாம். ஆண்டுக்கு ஐந்தாறு முறை போகிறவருக்கு அதுதான் மலிவு, சொந்த ரைஃபிளும் தேவைப்படாது.

ஸ்காட்லாந்து மலையில் ஆண் செம்மான் சுட வேண்டும் என்ற கனவு எல்லோருக்கும் வரும். செப்டம்பர், அக்டோபரில் ஒரு நாளைக்கு 500 பவுண்டுக்குக் குறைந்து கிடைப்பது அரிது, சில எஸ்டேட்களில் அதற்கும் வெகு மேலே. அதே மலையில் குளிர்காலத்தில் பெண்மானுக்குப் போனால் ஏறத்தாழப் பாதிதான். நான் எப்போதும் பெண்மான் பக்கம்தான் நிற்பேன். பிரிட்டனில் மான் தொகை சுமார் 20 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள், ஓநாயும் லிங்க்ஸ் எனும் காட்டுப்பூனையும் காடுகளில் இல்லாமல் போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் ஈனும் பெண்மான்களைத்தான் குறைக்க வேண்டும். கொம்புக்கு ஆசைப்படாதவருக்கு இந்த வேட்டையில் மிகக் குறைந்த செலவும் மிக அதிகப் பயனும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தில் பெண்மான் காலம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. மண்ட்ஜாக்குக்குத் தடைக்காலம் இல்லை. அதில் பால்குடிக் குட்டி அனாதையாகாமல் இருக்க, இளம் பிணையையோ நிறைசூல் கொண்டதையோ மட்டும் தேர்ந்து சுடச் சொல்வார்கள். அந்தக் காரணத்தை உங்களை அழைத்துப் போகிறவர் தானாகவே விளக்குகிறாரா என்று பாருங்கள். விளக்கினால் அவரிடமே அடுத்த முறைக்கும் பதிவு செய்யுங்கள்.