காற்றடித்த பன்னும் கலர் விளக்கும்

அன்புள்ள அக்கா,

சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறேன். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடம். ஞாயிறு தவறாமல் மதியம் ஒரு மணிக்கு மாமியார் வீட்டில் ரோஸ்ட் சாப்பாடு. சுட்ட மாட்டிறைச்சி, அவித்த காய், காற்றடித்த பன் மாதிரி ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே கிரேவி என்ற பெயரில் பழுப்புத் தண்ணீர். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. டிசம்பரில் இன்னொரு சண்டை. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் காகித நட்சத்திரம், மின்னி மின்னி எரியும் கலர் சீரியல் செட். இவளுக்கு மரத்தில் வெள்ளை விளக்கு மட்டும்தான் வேண்டும், அதுவும் மின்னக் கூடாதாம். ஜிகினாத் தோரணம் கண்றாவியாம். கிறிஸ்துமஸ் மரமே ஜெர்மனியிலிருந்து வந்ததுதானே, இதில் என்ன பெரிய ஆங்கிலப் பாரம்பரியம்? யார் விட்டுக்கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து மனம் நோகாமல் தப்பிக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஷெஃபீல்டிலிருந்து ஒரு தம்பி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் பணியாரக் கல்லில் எண்ணெய் காய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அப்படி நிற்கும்போதெல்லாம் லீட்ஸில் எங்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா நினைவு வரும். அன்றும் வந்தது. அப்புறம் உங்கள் கடிதத்தைத் திறந்தால் ‘காற்றடித்த பன்’ என்று இருக்கிறது.

மரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜெர்மன் வழக்கம்தான். விக்டோரியா மகாராணி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848ல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது அந்த நாட்டில் வீடு வீடாகப் பரவியது. இருக்கட்டுமே. மிளகாய் நமக்குப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. அதற்காக வற்றல் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோமா? மரத்தில் அவளுடைய வெள்ளை விளக்கு, வாசலில் உங்கள் நட்சத்திரம். இதற்கு ஒரு கடிதமா?

இனி அந்தப் பன். அதற்குப் பெயர் யார்க்ஷயர் புட்டிங். நீங்கள் குடியிருப்பது யார்க்ஷயரில். இரண்டு வருடமாக வாராவாரம் தின்கிற பண்டத்தின் பெயரைக்கூட உங்களால் எழுத முடியவில்லை.

1986ல் என் கணவர் லீட்ஸில் படிக்கப் போனார், நான் ஒட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரம்மா கணவனை இழந்தவர். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். ஞாயிறுதோறும் எங்களைக் கீழே சாப்பிடக் கூப்பிடுவார். நான் மாட்டிறைச்சி தொட மாட்டேன், இன்றுவரைக்கும் தொட்டதில்லை. (அதன் ருசியைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை, தெரியும்.) எனக்காகவே தகரத் தட்டில் நான்கு குழிகளில் மட்டும் மாட்டுக் கொழுப்புக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுவார். வெங்காயத்தைச் சிவக்க வதக்கித் தனியாக ஒரு கிரேவி. ஒரு நாளும் அதை எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை.

அவர் வீட்டில் புட்டிங் இறைச்சியோடு வராது. முதலில் அது மட்டும் வரும், கிரேவி ஊற்றி. அதைத் தின்று முடித்த பிறகுதான் கறி. யார் நிறையப் புட்டிங் தின்கிறார்களோ அவர்களுக்கு நிறையக் கறி என்று பிள்ளைகளிடம் சொல்வார்களாம். பிள்ளை நம்பித் தின்னும், வயிறு நிரம்பிவிடும், கறியைக் கொஞ்சமாக வைத்தாலும் கேட்காது. கறிக்குக் காசில்லாத வீட்டின் தந்திரம் அது, தம்பி. 1747ல் லண்டனில் அச்சான ஒரு சமையல் புத்தகத்திலேயே இந்தப் பெயரில் செய்முறை இருக்கிறது: நெருப்பின் முன் சுடும் இறைச்சிக்கு அடியில் மாவுச் சட்டியை வைத்துவிடுவார்கள், சொட்டுகிற கொழுப்புகூட வீணாகாது. எங்கள் வீட்டுக்காரம்மா கல்யாணமாகி வந்தபோது இறைச்சிக்குப் பங்கீட்டு அட்டை. போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, 1954 ஜூலையில்தான் அது ஒழிந்தது. ஞாயிறு கறியில் மிஞ்சியதைத் திங்களன்று ஆறிப்போனபடியே தின்பார்கள். மிஞ்சிய உருளைக்கிழங்கையும் கோஸையும் மசித்து வாணலியில் முறுக விடுவார்கள். சுண்டக்கறி தின்று வளர்ந்த ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

உங்கள் பழுப்புத் தண்ணீர் எப்படி வருகிறது, பார்த்திருக்கிறீர்களா? கறியை எடுத்த பிறகு தட்டின் அடியில் பிடித்திருக்கும் காந்தலை மாவு தூவிச் சுரண்டி, காய் வேகவைத்த தண்ணீரையே ஊற்றிக் கொதிக்கவிடுவது. எங்கள் வீட்டுக்காரம்மா கடைத்தூளைத் தொடவே மாட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பிஸ்டோ என்ற கிரேவித் தூளை ஒரு கரண்டி போடுவார், நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது.

ஒரு ஞாயிறு மாவு கரைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். முட்டை, பால், மைதா மூன்றையும் ஒரே டம்ளரால் அளந்து, உப்புப் போட்டு, கட்டியில்லாமல் அடித்து ஒரு மணி நேரம் வைத்தாயிற்று. கொழுப்புப் புகையும்போது ஊற்றினேன், சுர்ரென்றது. பொங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பத்தாவது நிமிடம் அடுப்புக் கதவைத் திறந்துவிட்டேன். பன்னிரண்டும் காற்றுப்போன பூரியாக உட்கார்ந்துவிட்டன. எனக்கு அழுகையே வந்தது. அவர் எட்டிப் பார்த்தார். என் தட்டில் இரண்டை வைத்து, “பள்ளம் பெரிதாக இருந்தால் கிரேவி கூடப் பிடிக்கும்” என்றார்.

நீங்கள் கடிதத்தில் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மாமியார் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறார் என்று சொல்லவில்லை. தெரியாது, அதனால் சொல்லவில்லை. ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்து, தின்று, உப்பில்லை என்று ஊருக்கு எழுதுகிறீர்கள். கடல் தாண்டியும் மாப்பிள்ளை முறுக்கு போகவில்லை. உப்பு மேசை மேல் இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உறைப்பு வேண்டுமானால் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரில் செய்த தொக்கை ஒரு கரண்டி வாயில் போட்டுப் பாருங்கள், உச்சி மண்டையில் ஏறும்.

ஜிகினாவைக் கண்றாவி என்பது மட்டும் கொஞ்சம் அதிகம். உங்கள் மனைவியிடம் இதையும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரம்மாவின் மரம் முழுக்க ஜிகினாதான், கலர் விளக்குதான். உச்சியில் ஒரு தேவதை. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாயில் மகன் பள்ளிக்கூடத்தில் செய்தது. ஒரு சிறகு இல்லை. ஜனவரி ஆறாம் தேதிக்குப் பிறகு அலங்காரம் இருந்தால் ஆகாது என்று அதற்குள் எல்லாவற்றையும் இறக்குவார். மற்றதெல்லாம் பெட்டிக்குள் அள்ளிப் போடுவார். தேவதையை மட்டும் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி வைப்பார். உங்கள் மாமியார் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். இறக்கச் சொல்லுங்கள். அதில் கலர் விளக்கு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஞாயிறு தப்பிக்க வழி கேட்டீர்கள், மறந்தே போனேன். வழி இல்லை. இந்த வாரம் பதினொரு மணிக்கே போங்கள். மாவு நீங்கள் கரைக்கிறேன் என்று சொல்லுங்கள். கதவை மட்டும் திறக்காதீர்கள், கண்ணாடி வழியாகப் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரம்மாவின் பழைய அடுப்பில் கண்ணாடி கிடையாது.

அன்புடன்,
அக்கா