செல்லடிக்குள் வராத மரண பயம் இப்போது ஏன் வருகிறது?

மதிப்பிற்குரிய உளவளத்துணையாளர் அவர்களுக்கு,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் ஒரு கமக்காரன். வயது 45. மனைவியும், பதினான்கு வயதில் ஒரு மகளும், ஒன்பது வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். சென்ற காலபோக அறுவடை நேரத்தில் என் மனைவியின் சகோதரரான மைத்துனர் வயல் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார். குடிப்பழக்கமோ வேறு வருத்தங்களோ இல்லாத மனிதர். அந்தச் செத்தவீட்டுக்குப் பின்னர்தான் எனக்கு இந்தக் கஷ்டம் தொடங்கியது.

இரவில் படுத்தால் தலையணையில் வைத்த காதுக்குள் என் இதயம் அடிப்பது கேட்கிறது. அடி கொஞ்சம் பிசகினாற்போல் இருந்தால் உடனே எழுந்திருந்து மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க அது இன்னும் வேகமாக அடிக்கிறது. கைவிரல்கள் விறைத்து, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்து, மூச்சு முட்டி, இந்த நிமிடமே சாகப்போகிறேன் என்று தோன்றுகிறது. மனைவியை எழுப்பி அவவையும் நாடி பார்க்கச் சொல்கிறேன். வைத்தியசாலையில் ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் செய்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த நிம்மதி ஒரு கிழமை தங்கும்; பிறகு பழையபடி தொடங்கிவிடும். இப்போது இரவில் யானைக் காவலுக்குத் தனியே போவதில்லை. தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. ஊரில் ஒரு செத்தவீடு என்றால் ஏதாவது சாட்டுச் சொல்லி ஒளித்துக்கொள்கிறேன்; அதனால் சொந்தங்கள் மனவருத்தப்படுகிறார்கள். போதாததற்கு, சாத்திரி ஒருவர் எனக்கு அட்டமத்துச் சனி நடக்கிறது, உயிருக்கே கண்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருப்பது வேறொரு விடயம். 2009இல், மே மாதத்தில் முடிந்த இறுதிப் போரின்போது, நாங்கள் தர்மபுரம், விசுவமடு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஓடி ஓடிக் கடைசியில் பொக்கணையில் இருந்தோம். செல் விழுந்துகொண்டிருக்கும்போதே கஞ்சிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். அம்மா அங்கேதான் செல்பட்டு இறந்தா. இருந்த சீலைகளை எல்லாம் வெட்டித் தைத்து மண்மூட்டை ஆக்கிவிட்டபடியால் அவவைப் போர்த்தக்கூட ஒரு நல்ல சீலை இருக்கவில்லை. பங்கருக்குப் பக்கத்து மணலில் தாட்டுவிட்டு அன்றிரவே இடம் மாறினோம். அது என்ன திகதி என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. அப்போது நான் பயந்து நடுங்கவுமில்லை, அழவுமில்லை. அவ்வளவையும் தாண்டி வந்த ஒருவன், வீடு, வயல், பிள்ளைகள் என்று எல்லாம் அமைந்தபின் படுக்கையில் கிடந்து சாவுக்குப் பயப்படுவது என்ன நியாயம்? இந்தப் பயத்தை எப்படி வெல்வது?

— பெயர் குறிப்பிட விரும்பாத கமக்காரர், கிளிநொச்சி மாவட்டம்

*

அன்புள்ள சகோதரருக்கு வணக்கம்.

உங்களை அதிகம் வருத்துவது வெட்கம் என்பதால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பொக்கணையில் உங்களுக்குப் பயம் இருக்கவில்லை என்பதை நான் ஏற்கவில்லை. பயம் இருந்தது, ஆனால் அதற்குச் செய்ய வேலை இருந்தது. பங்கர் வெட்டுவது, தண்ணீருக்கு அலைவது, செல் கூவும் சத்தத்தைக் கேட்டதும் நிலத்தோடு நிலமாகக் கிடப்பது என்று அது முழுவதும் கைகால்களுக்குள் இறங்கிவிட்டது. பெற்ற தாயை மணலில் தாட்டுவிட்டு அன்றிரவே நடக்க வேண்டியிருந்தவனுக்கு உணர்ச்சி மரத்துப்போவதும், உயிர் தப்ப உடல் எடுத்துக்கொள்ளும் ஒரு வழிதான். அதைத் துணிவு என்றும் இன்றைய நிலையைக் கோழைத்தனம் என்றும் நீங்கள் பெயரிட்டு வைத்திருக்கிறீர்கள். இரண்டு பெயரும் பொருந்தாதவை. அன்று ஒத்திவைக்கப்பட்டது, ஓடத் தேவையில்லாத ஒரு காலத்தில், மைத்துனரின் திடீர் மரணத்தைச் சாட்டாக வைத்துத் திரும்பி வந்திருக்கிறது. வன்னியில் உங்கள் வயதை ஒத்த பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

இரவில் உங்களுக்கு வருவது பீதித் தாக்கம் எனப்படும் கடுமையான பதகளிப்பு நிலை என்றே உங்கள் விவரிப்பிலிருந்து கருதுகிறேன். ஆபத்து என்று மூளை எண்ணியதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகம் எடுக்கிறது, மூச்சும் விரைகிறது. தேவைக்கு மேல் மூச்சுவிடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு குறைவதாலேயே விரல்கள் விறைக்கின்றன, உதட்டைச் சுற்றி ஊர்வதுபோல் இருக்கிறது, தலை சுற்றுகிறது. காற்றுப் போதவில்லை என்ற உணர்வும் பெரும்பாலும் அளவுக்கு மீறி மூச்சுவிடுவதால் வருவதுதான். இந்தத் தாக்கம் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணித்தியாலம் அளவில் தணிந்துவிடும். ஆகையால் அந்நேரம் பெரிய மூச்சாக இழுக்காதீர்கள். மூக்கால் மெதுவாக, நான்கு எண்ணும் அளவுக்கு உள்ளே எடுத்து, ஆறு எண்ணும் அளவுக்கு வெளியே விடுங்கள். எண்ணுவதற்குப் பதிலாக ஐந்தெழுத்தை உச்சரித்தாலும் பலன் ஒன்றே. வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி எழுதிய உளநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, மந்திர உச்சாடனம் போன்ற நம் மரபுவழிப் பழக்கங்களை நவீன சிகிச்சையோடு இணைக்க வேண்டும் என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வருபவர்.

ஆனால் மூச்சுப் பயிற்சியோடு விடயம் முடிந்துவிடாது. உங்கள் பயத்தை உயிரோடு வைத்திருப்பது நீங்கள் நாடி பார்க்கும் பழக்கம். விதைத்த நெல் முளைத்ததா என்று மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்ப்பதைப் போன்றது அது. ஒவ்வொரு முறை நாடி பார்த்து ஆறுதல் அடையும்போதும், ‘பார்த்தபடியால்தான் தப்பினேன்’ என்ற பாடத்தையே மூளை படிக்கிறது. பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ள அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. திரும்பத் திரும்ப ஈசிஜி எடுப்பதும், சிக்னல் உள்ள இடத்தை விட்டு விலகாமல் இருப்பதும் இதே வகைதான். ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன். நாடி பார்க்கத் தோன்றினால் முதலில் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். சில நாட்களில் அதை அரை மணித்தியாலம் ஆக்குங்கள். தள்ளிப்போடும் அந்த நேரம் மிகவும் கொடியதாகத்தான் இருக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. எனினும் பயம் தானாகவே ஏறித் தானாகவே இறங்குவதை உங்கள் உடல் கண்டுகொள்ளும் நேரமும் அதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேலை செய்யும்போது அல்லது நடக்கும்போது நெஞ்சை அழுத்தி வலித்து, ஓய்ந்தால் குறைந்தாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, அதைப் பதகளிப்பு என்று ஒதுக்கிவிடாமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

சாத்திரி சொன்னதையும் விட்டுவிடுவதற்கில்லை. சாத்திரத்தை நம்புகிறவரோடு நான் வாதாட வரவில்லை. அதன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இராசிகள் பன்னிரண்டு. சனி ஒருவரின் இராசிக்கு எட்டாம் இடத்தில் நிற்பதே அட்டமத்துச் சனி என்பதால், அவற்றில் ஒன்றுக்கு எந்நேரமும் அது நடந்துகொண்டுதான் இருக்கும், அதுவும் இரண்டரை ஆண்டுகளுக்கு. உங்கள் ஊரில் அதே இராசியில் பிறந்த அத்தனை பேரும் இப்போது வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பயந்து வருகிற மனிதனிடம் உயிர்க்கண்டம் என்று சொல்பவரிடம் இனிப் போகாதீர்கள் என்பதே என் கருத்து.

இனி அம்மாவைப் பற்றி. உங்கள் கடிதத்தை மீண்டும் படித்தபோது, நீங்கள் அஞ்சுவது மரணத்தை மட்டுமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எதுவுமில்லாமல், போர்த்த ஒரு சீலையுமில்லாமல் நீங்கள் கண்ட அந்த மரணமே, மரணம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் மனதில் பதிந்த உருவம். மைத்துனருக்குப் பாடை கட்டி, தேவாரம் பாடி, கிரியைகள் செய்து அனுப்பியதைப் பார்த்தபோது, அம்மாவுக்குச் செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் உங்கள் கண்முன் வந்திருக்கும். செத்தவீடுகளை விட்டு நீங்கள் ஒளிப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருச் செய்து கிரியை செய்யும் வழக்கம் நம் சமயத்தில் உண்டு. இறந்த திகதி தெரியாதது தடையாகாது. தாயை நினைத்து விரதம் இருக்கச் சித்திரா பௌர்ணமி இருக்கிறது. உங்கள் ஊர்ச் சைவக்குருக்களிடம் கேட்டு, சகோதரர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிச் செய்யுங்கள். அம்மா எப்படி இறந்தா என்பதைப் பிள்ளைகளுக்கு, அவர்கள் தாங்கும் அளவுக்கு, அப்போது சொல்லுங்கள். பதினான்கு வயது மகளுக்கு இரவில் நடப்பது தெரியாது என்று நினைக்கிறீர்களா? காரணம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் காரணம் தெரிவது அவளுக்கும் நல்லது. கிரியை செய்யும் நாட்களிலோ, ஆண்டுதோறும் மே மாதத்திலோ பயம் சற்றுக் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். நினைவுநாட்களை ஒட்டி இப்படி வருவது வழக்கம்.

நீங்கள் எழுதாவிட்டாலும் உங்களுக்குள் இருக்கக்கூடிய ‘நான் போய்விட்டால் இவர்கள் கதி என்ன’ என்ற கவலைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. அதற்குக் கந்தோர் வேலைதான் மருந்து. வன்னியில் பலருடைய வயலைப் போல உங்கள் வயலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உங்களுக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கு, கொடுக்கல் வாங்கல் விவரங்களை ஒரு கொப்பியில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். ஒரு தடவை செய்துவிட்டு அந்தக் கொப்பியை மூடி வையுங்கள். தினமும் எடுத்துத் திருத்தத் தொடங்கினால் அதுவும் நாடி பார்ப்பதாகிவிடும்.

செத்தவீடுகளுக்குப் படிப்படியாகப் போகலாம். முதலில் ஓர் எட்டுச் செலவு வீட்டுக்கு மனைவியோடு சென்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முறை பந்தலில் ஆண்களோடு சற்று நேரம் இருந்துவிட்டு வாருங்கள். நெஞ்சு படபடத்தால் அது தணியும்வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் எழுந்து ஓடினால் அடுத்த முறை இன்னும் கடினமாகும். யானைக் காவலுக்கு அயலவர் ஒருவரோடு மீண்டும் போகத் தொடங்குங்கள். யானைக்குப் பயப்படுவது நியாயமான பயம், அதை நான் மாற்ற முயல மாட்டேன்!

மரண பயத்தை எப்படி வெல்வது என்று கேட்டிருந்தீர்கள். அதை அடியோடு வென்றவரை நான் கண்டதில்லை. பயம் வரும், வயலுக்கும் செத்தவீட்டுக்கும் எப்போது போவது என்பதை அது தீர்மானிக்காதபடி பார்த்துக்கொள்வது உங்களால் இயலும்.

இவற்றைத் தனியே செய்ய வேண்டாம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு உங்கள் பரிசோதனை அறிக்கைகளோடு செல்லுங்கள். தேவையானால் மருத்துவர் குளிசை தருவார். பதகளிப்புக்குத் தரப்படும் மருந்துகளில் பல வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் எடுக்கும் என்பதால், பலனில்லை என்று முதற்கிழமையிலேயே நிறுத்திவிடாதீர்கள். நித்திரைக்காக அயலவர் தரும் குளிசைகளையும் சாராயத்தையும் தவிர்த்துவிடுங்கள். இந்த அவதியைவிடச் செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்காமல் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்தை அழையுங்கள், இரவிலும் அழைக்கலாம்.

கிளினிக்குக்கு மனைவியையும் கூட்டிச் செல்லுங்கள். அண்ணனோ தம்பியோ, தன் கூடப்பிறந்தவரை இழந்த துக்கத்தோடு அவவும் இருக்கிறா. இரவில் உங்கள் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அழுவதற்கு அவவுக்கு நேரம் கிடைத்ததோ தெரியாது. இனி நீங்கள் எழுப்பினால் அவ நாடி பார்க்கத் தேவையில்லை. ‘இது அந்தப் பதகளிப்பு, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், பக்கத்தில் இருக்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் போதும். அப்படிச் சொல்லும்போது கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று பகலிலேயே அவவுக்கு வாக்குக் கொடுத்து வையுங்கள்.