ரத்த டெஸ்ட் இருக்கும்போது கொலோனோஸ்கோபி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. டாக்டர் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்யச் சொல்கிறார், எனக்குப் பயம். லிக்விட் பயாப்ஸி என்ற ரத்த டெஸ்ட் எடுத்தால் போதாதா?

போதாது. உங்களுக்கு கொலோனோஸ்கோபிதான், அதையும் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்கு 60 வயதுக்குள் வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதிலேயே, அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 ஆண்டு முன்பே, எது முதலில் வருகிறதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே ஆறு வருடம் போய்விட்டது.

புற்று செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும், அதைத் தேடுவதுதான் லிக்விட் பயாப்ஸி. கட்டி பெரிதாக இருந்தால் துணுக்கு நிறையக் கிடைக்கும், ஆரம்ப நிலையில் எடுத்த ரத்தத்தில் ஒன்றுகூட சிக்காமல் போகலாம். 2024 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த ஷீல்ட் என்ற ரத்த டெஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வில் பெருங்குடல் புற்றுநோய் இருந்தவர்களில் 83 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது, நல்ல எண்தான். ஆனால் நாளைக்குப் புற்றாக மாறக்கூடிய முற்றிய பாலிப் (குடல் சுவரில் வளரும் சதைமுளை) இருந்தவர்களில் 13 சதவீதம் பேரை மட்டுமே பிடித்தது. உங்களுக்குத் தேட வேண்டியது அந்த பாலிப்பைத்தான். கொலோனோஸ்கோபியில் அது கண்ணில் பட்டால், பெரும்பாலும் கம்பிச் சுருக்கைப் போட்டு அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள், நோய் வருவதற்கு முன்பே வேலை முடிந்தது. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் வந்தாலும் அடுத்து கொலோனோஸ்கோபிக்குத்தான் அனுப்புவார்கள். மேலும் அந்த அனுமதி சராசரி ஆபத்து உள்ளவர்களுக்குத்தான், உங்கள் குடும்ப வரலாறு அதில் வராது.

லிக்விட் பயாப்ஸி உண்மையிலேயே கைகொடுப்பது நோய் உறுதியான பிறகு. நுரையீரல் புற்றுநோய் வந்து, அங்கே ஊசி போட்டு சதை எடுக்க முடியாத நோயாளிக்கு, ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் உள்ள மாற்றத்தை ரத்தத்திலேயே பார்த்து மாத்திரையை முடிவு செய்கிறார்கள். 2022-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டாம் நிலை (ஸ்டேஜ் 2) குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு, ரத்தத்தில் துணுக்கு இருந்தால் மட்டும் கீமோ கொடுத்தார்கள். வழக்கமான முறையில் பார்க்கப்பட்ட மற்ற பிரிவில் 28 சதவீதம் பேர் கீமோ எடுத்தார்கள், இந்தப் பிரிவில் 15 சதவீதம் பேர்தான்; இரண்டு வருடம் கழித்தும் நோய் திரும்புவது அதிகமாகவில்லை. எத்தனை பேர் தேவையில்லாத கீமோவிலிருந்து தப்பித்திருக்கிறார்கள், பாருங்கள்!

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், வலி பெரிதாகத் தெரியாது. முந்தின நாள் பேதி மருந்து குடிப்பதுதான் சிரமம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிடுகிறீர்கள் என்றால் தேதி வாங்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.