கல்லூரியில் இடைநிலை டிராயிங் வகுப்பு எடுப்பது பயன் தருமா?

கேள்வியின் விவரம்: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். இங்குள்ள கம்யூனிட்டி காலேஜில் தொடக்க நிலை டிராயிங் வகுப்பை முடித்துவிட்டேன். அடுத்து இடைநிலை வகுப்பில் சேரலாமா, இல்லை யூடியூப் பார்த்து வீட்டிலேயே பழகிக்கொண்டால் போதுமா?

பதில்:

சேருங்கள். பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இந்த வகுப்பை எடுத்தவள் நான். பகலில் அலுவலகம், மாலையில் வகுப்பு. அந்த ஒரு செமஸ்டரில் எனக்குக் கிடைத்தது வீட்டில் தனியாக உட்கார்ந்து வரைந்திருந்தால் கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. கோளம், உருளை, பெட்டி. தூரத்தைத் தாளில் காட்டும் ஒற்றை மறைபுள்ளி, இரட்டை மறைபுள்ளி பெர்ஸ்பெக்டிவ். பாட்டிலும் துணியும் வைத்து ஸ்டில் லைஃப். பென்சிலை நீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அளவெடுப்பது. வரைய வேண்டியதை ஆசிரியரே மேசைமேல் வைத்துவிடுவார். அது தாளில் சரியாக வந்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. இடைநிலை வகுப்பில் அந்த வசதி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். எதை வரைவது, எதை விடுவது, தாளில் எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், எப்போது கையை எடுப்பது என்று எல்லாமே உங்கள் முடிவு. அந்த முடிவுகளை இருபது பேர் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். வகுப்பின் சாரம் இதுதான்.

ஆரம்ப வாரங்களில் நடந்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். 18-க்கு 24 அங்குலத் தாள், வில்லோ கரித்துண்டு. அறை நடுவில் தாறுமாறாக அடுக்கிய பழைய நாற்காலிகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வரைந்து படம் திரண்டு வந்த நேரத்தில், ஆசிரியர் எல்லோரையும் ஷாமி தோலை, அதாவது துடைக்கப் பயன்படும் மெல்லிய தோலை, எடுக்கச் சொன்னார். "துடைத்துவிடுங்கள்." அறையே ஒரு கணம் நின்றுவிட்டது. வில்லோ கரியில் பசை எதுவும் கிடையாது, எரித்த குச்சிதான். அதனால் துடைத்தால் எளிதில் போகும், ஆனால் முழுதாகப் போகாது. சாம்பல் நிறத்தில் பழைய படத்தின் தடம் தாளில் நிற்கும். அந்தத் தடத்தின் மேலேயே, இடம் மாறி நின்று, அதே நாற்காலிகளை வேறு பக்கத்திலிருந்து வரையச் சொன்னார். பிறகு மறுபடியும் துடைப்பு. கடைசி அடுக்கில் வெளிச்சம் வேண்டிய இடங்களை, கையில் பிசைந்து உருட்டும் அந்தச் சாம்பல் நிற அழிப்பானால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். மூன்று முறை பார்த்த பார்வையும் ஒரே தாளில் இருந்தது. வீட்டில் யாராவது நன்றாக வந்த படத்தைத் தாமே துடைப்பார்களா? நான் துடைத்திருக்க மாட்டேன்.

அழிப்பதும் வரைவதில் சேர்த்திதான் என்பதை அன்றைக்கே ஆசிரியர் சில படங்களைக் காட்டி விளக்கினார். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989-லிருந்து செய்துவரும் அனிமேஷன்கள் இப்படித்தான் உருவாகின்றன. ஒரே கரி ஓவியத்தைக் கொஞ்சம் அழிப்பார், கொஞ்சம் மாற்றுவார், ஒவ்வொரு மாற்றத்தையும் கேமராவில் பிடிப்பார். அழித்த தடம் திரையில் அப்படியே தெரியும். அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் 1953-இல் இன்னும் ஒரு படி போனார். இன்னொரு ஓவியரான வில்லெம் டி கூனிங்கிடம் ஓர் ஓவியம் கேட்டு வாங்கி, அதைப் பாடுபட்டு அழித்து, அழித்த தாளையே படைப்பாக வைத்தார். அந்தத் தாள் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அடுத்தது கோடு. நாம் கோட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள். வாசலில் கோலம், வாரப் பத்திரிகையில் ஓவியர் கோபுலுவின் படம். ஒரு வளைவில் ஒரு மனிதரின் தொந்தியையும் அவசரத்தையும் சேர்த்துக் கொண்டுவருவார் கோபுலு. அந்தக் கண்ணோடு போனவளுக்கு, "விளிம்பு தெரியாத இடத்தில் கோடு போடாதே" என்பது புதிய பாடம். கண்ணை நன்றாகச் சுருக்கிப் பாருங்கள். இருட்டுப் பக்கத்தில் குடம் எங்கே முடிகிறது, பின்னால் இருக்கும் திரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது, இரண்டும் ஒரே கறுப்பு. அங்கே கோடு போட்டால் குடம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா, கான்டே கிரேயான் என்ற கெட்டியான கறுப்புக் குச்சியைச் சொரசொரப்பான தாளில் தேய்த்து வரைந்த உருவங்களைத் தேடிப் பாருங்கள். வெளிக்கோடே இல்லாமல் ஒரு பெண் உட்கார்ந்து தைப்பது தெரியும். இதையெல்லாம் பார்த்த பிறகு ஓவியர் ஸில்பியின் பழைய கோயில் சிற்ப ஓவியங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கோயில் கோயிலாகப் போய் நேரில் பார்த்து வரைந்தவர் அவர். சின்ன வயதில் அந்த நகையும் விரலும்தான் கண்ணில் பட்டன. இப்போது கல்லின் நிழலை அவர் எங்கெல்லாம் விட்டுப் பிடித்திருக்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் அல்லது பழுப்புத் தாளில் கரியும் வெள்ளைச் சாக்பீஸும் வைத்து வரைவது உண்டு. தாளின் நிறமே நடு டோன், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடைப்பட்ட நிலை, என்பதால் பாதிப் படத்தைத் தாளே வரைந்துவிடும். கரியும் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்தால் மட்டும் நிறம் கலங்கிச் சேறாகிவிடும். மூங்கில் பேனாவும் இந்தியன் இங்க்கும் சில வாரம். அதில் அழிக்க வழியே இல்லை, துணிச்சல் தானாக வந்துவிடும். மாடலை வைத்து வரைவது பெரும்பாலும் தனி வகுப்பு. எங்களுக்கு இரண்டொரு நாள் மட்டும் இருந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கடைசிப் பகுதியில் ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு தொடராகப் பெரிய படங்கள் வரைய வேண்டும். தீபாவளிக்கு நண்பர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் செருப்பு, ஷூ, குழந்தைகளின் விளக்கு மின்னும் ஷூ என்று ஒரே குவியல். அதையே என் தொடராக எடுத்துக்கொண்டேன். முதல் படத்தில் மேலேயிருந்து பார்ப்பதுபோல் தாள் முழுக்கச் செருப்புகள். ஒவ்வொரு வாரும் பக்கிளும் தெளிவாக வந்திருந்தன. திருப்தியோடுதான் சுவரில் குத்தினேன்.

கிரிட்டிக் என்றால் படங்களைச் சுவரில் குத்தி வகுப்பே சேர்ந்து விமர்சிப்பது. எங்கள் வகுப்பில் அதற்கு ஒரு விதி உண்டு. வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பேசி முடிக்க வேண்டும். முதலில் பேசியவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. "இவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?" என்று கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. அடுத்து ஒரு பையன், நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸின் பெயரைச் சொன்னான். பலர் தலையாட்டினார்கள். ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்திலும் வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்திலும் கொல்லப்பட்டவர்களின் காலணிகள் குவியலாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்களுக்கு, பள்ளியில் அந்த வரலாற்றைப் படித்தவர்களுக்கு, ஆளில்லாத காலணிக் குவியல் என்றால் வேறு எதுவும் நினைவுக்கு வராது. எனக்கோ அது வீடு நிறைய விருந்தாளிகள், உள்ளே சிரிப்புச் சத்தம், அடுப்படியில் வடை.

என் முறை வந்தபோது விளக்கினேன். எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். ஆசிரியர் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவையும் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லாமல், தாளே சொல்ல என்ன செய்யலாம்?"

அடுத்த வாரங்கள் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் கழிந்தன. பார்வையைக் கீழே இறக்கினேன், தரையோடு தரையாக, ஒரு குழந்தை பார்க்கும் உயரத்துக்கு. மேலே வாசற்படியும் பாதி திறந்த கதவும் வந்தன. உள்ளேயிருந்து வரும் வெளிச்சத்துக்குத் தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டேன். அந்த ஒளி படும் செருப்புகளை மட்டும் தெளிவாக வைத்து, அருகிலிருப்பவற்றை இருட்டில் ஒன்றோடொன்று கரைய விட்டேன். ஆசைப்பட்டு வரைந்த பக்கிள்கள் எல்லாம் கறுப்புக்குள் போயின. ஓரத்தில், இப்போதுதான் வந்து சேர்ந்த ஒருவர் குனிந்து லேஸை அவிழ்க்கும் விரல்கள் மட்டும். அந்த விரல்களை வைப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். ஒருமுறை துடைத்தேன், தடம் நின்றது, அந்தத் தடத்தின் மேலேயே திரும்ப வரைந்தேன்.

மறுபடி சுவரில் குத்தியபோது அதே பெண்மணி, "உள்ளே என்ன விசேஷம்?" என்று கேட்டார். அந்தப் பையனுக்கு மட்டும் இன்னமும் கனமாகவே தெரிந்தது. அதை நான் மாற்றப் போகவில்லை. அவன் கொண்டுவரும் நினைவுக்கும் அந்தத் தாளில் இடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். கரியை எப்படிப் பிடிப்பது, இங்க்கை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்பதற்கெல்லாம் அருமையான வீடியோக்கள் இருக்கின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் வீடியோவில் இருப்பவர் உங்கள் தாளைப் பார்ப்பதில்லை. உங்கள் செருப்புக் குவியலைப் பார்த்து "இவர்கள் எங்கே போனார்கள்" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. வீட்டில் நம் படத்தைப் பார்ப்பவர்கள் அன்பாக "நல்லா இருக்கு" என்பார்கள். அங்கேயே படம் நின்றுவிடும்.

சரி, நடைமுறை விஷயங்கள். கலிஃபோர்னியாவில் வசிப்பவர் என்ற தகுதி இருந்தால் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் கிரெடிட்) 46 டாலர். வகுப்பு மூன்று யூனிட் என்றால் 138 டாலர், அதற்கு மேல் பார்க்கிங் மாதிரி சில்லறைக் கட்டணங்கள். அந்தத் தகுதி இல்லாவிட்டால் பல மடங்கு ஆகும். விசாவில் இருப்பவர்கள் அட்மிஷன் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு வாரத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம், வீட்டில் வரைய வேண்டியது தனி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரே ஓவிய வகுப்பைப் பிடித்திருக்கிறது என்று திரும்பத் திரும்ப எடுக்க 2013-லிருந்து வழியில்லை. தொடர்புள்ள வகுப்புகளை ஒரு குழுவாக்கி, அதில் அதிகபட்சம் நான்குதான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். எனவே அலுவலகத்தில் மூச்சுமுட்டும் செமஸ்டரில் சேர்ந்து வீணாக்காதீர்கள். பல்கலைக்கழகக் கலைத் துறைக்கு மாறும் எண்ணம் இல்லையென்றால், அந்தக் காலேஜ் அனுமதித்தால், மதிப்பெண்ணுக்குப் பதில் பாஸ் / நோ பாஸ் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கிரேடு பயம் இல்லாமல் துடைக்கலாம்.

ஆசிரியர் பட்டியல் தரும் வரை கடைக்குப் போகாதீர்கள். வில்லோ கரியும் அழுத்திச் செய்த கரியும் வேறு வேறு. பின்னதில் பசை உண்டு, கறுப்பு ஆழமாக வரும், லேசில் அழியாது. கரி உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் ஸ்ப்ரேயான ஃபிக்ஸேட்டிவை வீட்டுக்குள் அடிக்க வேண்டாம், வெளியே கொண்டுபோய் அடியுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டும் போகாதீர்கள்.

பதிவு செய்யும் முன் சிலபஸைக் கேட்டு வாங்கி இரண்டு விஷயம் பாருங்கள். குழுவாக உட்கார்ந்து செய்யும் கிரிட்டிக் செமஸ்டரில் பல முறை இருக்கிறதா, சொந்தமாக ஒரு தொடர் வரையச் சொல்கிறார்களா. இரண்டும் இருந்தால் உடனே பதிவு செய்துவிடுங்கள். தாளை நிறுத்தி வைக்கும் ஈசல் ஸ்டாண்டுகளைப் போட இடம் வேண்டும் என்பதால் இந்த வகுப்புகளில் இருக்கை குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தாலும் முதல் நாள் நேரில் போய் உட்காருங்கள். அன்றைக்கு வராதவர்களின் இடத்தைப் பெரும்பாலும் அங்கேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.