சிறிய அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பும் ஸ்லைடிங் கதவும் போட்டால் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா?

காட்பாடியில் முதல் மாடியில் 600 சதுர அடிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், இப்போது ஆறு பேர், அடுத்த ஆண்டு பத்துப் பேர் ஆகலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடித் தடுப்பும் ஸ்லைடிங் கதவும் போட்டால் தேவைக்கேற்ப அறைகளைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அதை முடிவு செய்துவிட வேண்டும். நான் வேலூரில் அலுமினியம், கண்ணாடி வேலை எடுத்துச் செய்பவன். சத்துவாச்சாரியில் பட்டறை வைத்திருக்கிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கண்ணாடியின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தடுப்புக்குப் போடுவது டஃபன்ட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிரவைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிக்கொள்ளும். உள்பகுதி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம். உடைந்தாலும் கத்திபோல் கிழிக்காமல் கல்கண்டாக உதிரும். ஆனால் உலையிலிருந்து வெளியே வந்துவிட்டால் அதன்பிறகு ஒரு நூல்கூட, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகூட, வெட்ட முடியாது. கைப்பிடிக்கு ஒரு துளைகூடப் போட முடியாது. அளவு தவறினால் அந்தத் துண்டு வீண்தான்.

தோட்டப்பாளையத்தில் ஓர் அலுவலகத்துக்கு வேலை செய்தேன். இடத்துக்கு ஏற்றபடி ஒரு துண்டு மூன்றேகால் அடி, ஒன்று இரண்டே முக்கால், ஒன்று நான்கு என்று அழகாகப் பொருத்திக் கொடுத்தோம். ஒன்றரை ஆண்டு கழித்து அவர்கள் அறையை மறுபக்கம் நகர்த்தக் கேட்டார்கள். கழற்றிப் பார்த்தால் எந்தத் துண்டும் புதிய இடத்தில் உட்காரவில்லை. நல்ல கண்ணாடி அத்தனையும் கிடங்கில் சுவரோரம் சாய்ந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: எல்லாத் துண்டும் ஒரே அகலம், ஒரே உயரம். மூன்றடி அகலம் வைத்துக்கொண்டால் கதவும் அதே அளவில் அடங்கும். சுவரோரம் மிஞ்சுகிற இடத்தை ஜிப்சம் போர்டாலோ பிளைவுட்டாலோ அடைத்துவிடலாம். நம் ஊர்ச் சுவர்கள் தூக்குக்குண்டு பிடித்தால் இரண்டு நூலாவது சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வையும் இந்த அடைப்பு வாங்கிக்கொள்ளும். நாளைக்கு இடம் மாற்றும்போது அடைப்பை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். சுவிட்சுகளையும் வயர்களையும் இந்த அடைப்பிலோ தரையிலோ கொண்டுபோங்கள். கண்ணாடியில் அவற்றுக்கு இடமில்லை.

அடுத்தது ஸ்லைடிங் கதவு. கீல் வைத்த மூன்றடிக் கதவு ஒன்று திறந்து மூட ஏறத்தாழ ஏழு சதுர அடித் தரையைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு மேசை போடும் கூடத்தில் அது ஒரு நாற்காலிக்கான இடம். ஸ்லைடிங் கதவு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் திறந்தால் போய் நிற்பதற்குப் பக்கத்தில் தன் அகலத்துக்கு வெற்றிடம் கேட்கும். அங்கே அலமாரி வைத்துவிட்டுக் கதவு பாதிதான் திறக்கிறது என்று கூப்பிடுபவர்கள் உண்டு.

கீழே தண்டவாளம் வைத்த கதவை நம் ஊருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கோடைப் புழுதி அந்தப் பள்ளத்தில் இறங்கி, தரை துடைக்கும் தண்ணீரோடு சேர்ந்து சேறாக இறுகிவிடும். தீக்குச்சியால் சுரண்டி எடுத்தால் தலைமுடியும் மண்ணும் ஒரு கயிறாகவே வரும். ரோலர் அதில்தான் தேய்ந்து போகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தப் பள்ளம் தடை. மேலிருந்து தொங்கும் கதவே சரி. ஆனால் அதன் எடையை மறந்துவிடக் கூடாது. மூன்றடிக்கு ஏழடி, 12 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 58 கிலோ. 10 மில்லிமீட்டர் என்றாலும் 49 கிலோ. இதை ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டவே கூடாது. மேல்தளத்திலிருந்து இரும்புச் சதுரக் குழாய் இறக்கி, அதில்தான் டிராக்கைப் பிடிக்க வேண்டும். லாங் பஜார் பக்கம் இருக்கும் பழைய கட்டடங்களைப் போல உங்கள் கூரையும் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) என்றால், உத்திரத்தில் மட்டுமே ஆணி இறங்கலாம், இடைச் செங்கலில் அல்ல.

இனி, பலர் கடைசியில்தான் கவனிக்கிற ஒன்று: சத்தம். ஆற்காடு சாலையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவர் அறைக்குக் கண்ணாடி போட்டு முடித்தோம். மறுவாரம் அவர் கூப்பிட்டு, "உள்ளே வாடிக்கையாளர் சொல்லும் தொகை வெளியே பெஞ்சில் இருப்பவருக்கும் கேட்கிறதே, தம்பி" என்றார். நான் வெளியே உட்கார்ந்து கேட்டேன். உண்மைதான், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கியதும் காரணம் புரிந்தது. தடுப்பு சீலிங்கோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் இரண்டடி வெற்றிடம் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் பொதுவாகத் திறந்து கிடந்தது. சத்தம் ஏறி இறங்கி வந்திருக்கிறது. இரட்டை ஜிப்சம் போர்டு வைத்து மேல்தளம் வரை அடைத்தோம், பெருமளவு அடங்கியது. இப்போதெல்லாம் நான் இந்த அடைப்பை முதல் நாளே செய்துவிடுகிறேன். ஆனாலும் ஸ்லைடிங் கதவின் ஓரத்தில் இடைவெளி இருந்தே தீரும். அங்கே பிரஷ் பட்டை ஒட்டினால் குறையும், மறையாது. சம்பளம், வழக்கு, மருத்துவம் போன்றவற்றைப் பேசும் அறை ஒன்று வேண்டுமென்றால், அதை மட்டும் போர்டுச் சுவரும், ஓரத்தில் ரப்பர் பீடிங் (இடைவெளியை அடைக்கும் பட்டை) வைத்த கீல் கதவுமாக வையுங்கள். மற்றவை கண்ணாடியாக இருக்கட்டும்.

மறைப்புக்கு ஃப்ராஸ்டட் ஃபிலிமைக் கண்ணாடி முழுவதும் ஒட்டாதீர்கள். தரையிலிருந்து இரண்டரை அடி முதல் ஐந்தடி வரை ஒட்டினால் உட்கார்ந்திருப்பவர் மறைவார். மேலே வெளிச்சம் தடையில்லாமல் உள்ளறை வரை போகும். வெறும் கண்ணாடி என்று தெரியாமல் முட்டிக்கொள்வதையும் இந்தப் பட்டை தடுக்கும்.

வேலூர் வெயிலுக்கு இந்த அமைப்பு நன்றாகவே உதவும். அக்னி நட்சத்திரத்தில் ஆறு பேர் ஒரு பக்கம் உட்கார்ந்து, கதவை இழுத்து மூடினால், அந்தப் பக்க ஏ.சி. மட்டும் ஓடினால் போதும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஏ.சி.க்கோ காற்றுக்கோ வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படிக்கட்டுக்குப் போகும் முக்கிய வழியில் ஸ்லைடிங் கதவு வேண்டாம். தீ, புகை என்று கூட்டம் நெருக்கும்போது தள்ளினால் திறக்கிற கதவுதான் உயிர் காக்கும்.

கண்ணாடி வந்து இறங்கியதும் மூலையில் டஃபன்ட் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் கையில் இருந்தால் அதை மாட்டிக்கொண்டு சாய்வாகப் பாருங்கள். டஃபன்ட் என்றால் பொதுவாக மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். சாதாரணக் கண்ணாடியில் அவை தெரியாது.

அளவெடுக்க ஆளைக் கூப்பிடும் முன், தரையில் சுண்ணக்கட்டியால் தடுப்பையும் கதவையும் வரைந்துவிட்டு, மேசை நாற்காலியைப் போட்டு இரண்டு நாள் வேலை பாருங்கள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும்போது எந்தக் கோடு அழிகிறதோ, அந்தக் கோட்டைத் தள்ளி வரையுங்கள்.